பங்க்கில் நாசில் டக் டக்குனு நின்னுடுது: அம்பாசிடர் டேங்க்கில் காத்து வழி பிரச்சினை

கொங்கு_மார்க்4 (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வண்டி அம்பாசிடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல், இன்ஜின்ல இருக்கிற மெக்கானிக்கல் பம்ப்தான். பழைய டேங்க் அடித்தகடு துருப்பிடிச்சு இத்துப் போனதால, உள்ளூர்ல தகட்டுல புது டேங்க் அடிச்சுப் போட்டிருக்கு. சுமார் 80 x 50 செ.மீ, கொள்ளளவு 50 லிட்டர். டேங்க்குக்கும் கழுத்துக்கும் (நாசிலைச் சொருகுற குழாய்) நடுவுல இருக்கிற பெரிய ரப்பர் ஹோஸும் புதுசு, மூடியும் புதுசு.

இப்ப மூணு தொல்லை. ஒண்ணு, பங்க்ல ரெண்டு மூணு லிட்டருக்கு ஒருமுறை நாசில் தானா நின்னுடுது. நிதானமா விட்டா போகுது, முழு வேகத்துல விட்டா கழுத்து வரைக்கும் நுரைச்சுக்கிட்டு வருது. ரெண்டு, எவ்வளவு பொறுமையா நிரப்பினாலும் 35, 36 லிட்டருக்கு மேல ஏறவே மாட்டேங்குது. மூணு, ஹைவேயில அரை மணி நேரம் ஓடினதும் இன்ஜின் இருமுது, இழுவை இல்ல. நிறுத்தி மூடியைத் திறந்தா "புஸ்"ஸுன்னு காத்து உள்ள இழுக்கிற சத்தம். மூடினதும் அடுத்த அரை மணி நேரம் நல்லா ஓடுது.

டேங்க் மேல ஒரே ஒரு 6 மி.மீ நிப்பிள்தான் (ஹோஸ் மாட்டுற சின்னக் குழாய் முனை) இருக்கு. அதுல இருந்து சின்ன ஹோஸ் கழுத்தோட மேல் பக்கம் போய்ச் சேருது. பம்ப், பெட்ரோல் ஃபில்டர் ரெண்டையும் மாத்தச் சொல்றாங்க. மாத்தணுமா?

தகடு_வாத்தியார்

பம்பைத் தொடாதீங்க. மூணும் டேங்க்ல காத்து போக வர வழி இல்லாததால வர்றது. ஆனா மூணுக்கும் காரணம் தனித்தனி. ஒண்ணைச் சரி பண்ணினா மத்தது தானா சரியாகும்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க.

டேங்க்குக்கு ரெண்டு விதமான காத்து வழி வேணும். வண்டி ஓடும்போது செலவாகிற பெட்ரோலுக்கு ஈடா காத்து உள்ள வரணும். லிட்டருக்கு 10 கி.மீ, மணிக்கு 60 கி.மீ வேகம்னு வெச்சா, மணிக்கு 6 லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு 100 மில்லி காத்து. இதுக்கு 1 மி.மீ ஓட்டையே தாராளம். நிரப்பும்போது கதையே வேற. பங்க் நாசில் நிமிஷத்துக்கு 35 லிட்டர் தள்ளுதுன்னா, அதே 35 லிட்டர் காத்து வெளியேறியாகணும். 350 மடங்கு! மே மாசத்து மத்தியானத்துல சூடான டேங்க்ல பெட்ரோல் விழுந்து தெறிக்கிறப்ப உண்டாகிற ஆவி வேற சேரும். காலைல ஒழுங்கா நிரம்புற வண்டி மத்தியானம் அடம் பிடிக்கிறது இதனாலதான்.

உங்க 6 மி.மீ குழாய்க்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. அந்தக் காத்து முழுக்க அது வழியாப் போகணும்னா நொடிக்கு 20 மீட்டர் வேகத்துல போகணும். அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான ஹோஸ்ல அந்த வேகத்துக்கு டேங்க்குள்ள ஏறுற அழுத்தம், பெட்ரோல் மட்டமாச் சொன்னா சுமார் 20 செ.மீ. அதாவது கழுத்துல பெட்ரோல் 20 செ.மீ உயரம் எகிறி நிக்கும். நாசில் நுனியில சின்ன உணர் துளை ஒண்ணு இருக்கும். பெட்ரோலோ நுரையோ அதை அடைச்சதும் உள்ள இருக்கிற டயாஃப்ரம் இழுபட்டு கொக்கி விடுபட்டுடும். "டக்"னு நிக்கிறது அதுதான், பங்க் மெஷின்ல கோளாறு இல்ல. 8 மி.மீ குழாய்னா அதே எகிறல் 5, 6 செ.மீ. 12 மி.மீ போட்டா 1 செ.மீ அளவுதான். குழாய் விட்டத்தை இரட்டிப்பாக்கினா எவ்வளவு வித்தியாசம் பாருங்க.

அடுத்தது 35 லிட்டர். நிப்பிளோட குழாய் டேங்க் கூரையோட நிக்காம உள்ள இறங்கியிருக்குன்னு நினைக்கிறேன். அந்தக் குழாய் முனையைப் பெட்ரோல் தொட்டதும் வழி அடைஞ்சு, மேல இருக்கிற காத்து சிறைப்பட்டுடும். 80 x 50 செ.மீ கூரைக்குக் கீழ ஒவ்வொரு செ.மீட்டரும் 4 லிட்டர். 14 லிட்டர் காலியா நிக்குதுன்னா குழாய் 3.5 செ.மீ உள்ள நீட்டியிருக்கணும். ஃப்ளோட் யூனிட்டை (பெட்ரோல் அளவு காட்டுற மிதவை) கழட்டி, அந்த ஓட்டை வழியா ஒரு கம்பியை வளைச்சு விட்டு அளந்து பாருங்க. தீப்பொறி வராத எல்இடி டார்ச்தான், குண்டு பல்ப் கைவிளக்கு வேண்டாம். அதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடணும்.

மூணாவது தொல்லை மூடி. உங்க நிப்பிள் ஹோஸ் கழுத்துக்குத்தான் போகுது, வெளிக்காத்துக்கு இல்ல. அப்ப வெளியில இருந்து காத்து வர ஒரே வழி மூடி. புதுசா வாங்கினது காத்து வழி இல்லாத மூடி. இதை இப்பவே மாத்துங்க, மத்தது ரெண்டும் நிதானமாப் பார்க்கலாம். டேங்க்குள்ள 0.1 பார் வெற்றிடம் ஏற்பட்டாலே உங்க கூரைத்தகட்டு மேல 400 கிலோ எடை ஏறின மாதிரி. பம்ப் அந்த அளவுக்குச் சாதாரணமா இழுக்கும். டிக்கியில இருந்து "டம்"னு சத்தம் வந்திருந்தா, தகடு உள்ள போய் வெளிய வர்ற சத்தம்தான் அது. அடித்தகடு மேல எழும்பினா, டேங்க்ல இருந்து பெட்ரோலை உறிஞ்சுற பிக்அப் குழாய் வாயை அடைக்கும், ஃப்ளோட் கம்பி தரை தட்டும், கேஜும் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

பழசுவிரும்பி

அண்ணன் சொன்னதோட ஒரு கேள்வி. அந்தப் பெரிய கழுத்து ஹோஸ் என்ன ஹோஸ்? ரேடியேட்டர் ஹோஸ்ல இருந்து வெட்டிப் போட்டிருந்தா முதல்ல அதைத் தூக்கிப் போடுங்க. ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். சுடுதண்ணிக்கு அருமையானது, பெட்ரோலுக்கு ஆகவே ஆகாது. சில வாரத்துல ஊதி, உள்விட்டம் சுருங்கி, உள் அடுக்கு உரிஞ்சு நாக்கு மாதிரி தொங்கும். வெளிய பார்த்தா புதுசு மாதிரியே இருக்கும். கழட்டி உள்ள விரலை விட்டுப் பாருங்க, வழுவழுன்னு பிசுபிசுத்தா அதுதான்.

இப்ப பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பரை இன்னும் சீக்கிரமா ஊத வைக்கும். அதனால எரிபொருளுக்குன்னே செய்த ஹோஸ் கேட்டு வாங்குங்க. மேல் அச்சுல எஸ்.ஏ.இ ஜே30ஆர்6 அல்லது ஆர்7னு எரிபொருள் ஹோஸுக்கான தர எண் போட்டிருந்தா கழுத்துக்கும் காத்து ஹோஸுக்கும் போதும். ஆர்9 இன்ஜெக்‌ஷன் வண்டிக்கானது, போட்டா தப்பில்ல, காசுதான் கூட. ஹார்டுவேர் கடைல மீட்டர் கணக்குல விக்கிற கண்ணாடி மாதிரி பிவிசி டியூப் பெட்ரோல்ல கல்லா இறுகி வெடிக்கும். சோதிச்சுப் பார்க்க மட்டும் வெச்சுக்கலாம்.

வாங்கும்போது கண் மதிப்பு வேண்டாம். கழுத்துக் குழாயோட வெளிவிட்டத்தை வெர்னியர்ல அளந்துட்டுப் போங்க. 50 மி.மீ குழாய்க்கு 55 மி.மீ ஹோஸ் வாங்கி கிளாம்ப்பை முறுக்கினா ஹோஸ் மடிஞ்சு உள்ள ஒரு முகடு உண்டாகும். நாசில் பெட்ரோல் அதுல மோதித் திரும்பித் தெறிக்கும், நாசில் நின்னுடும். ரெண்டு பக்கமும் 30 மி.மீ ஏறி உட்காரணும். சென்னைப் பக்கம் வந்தா ஜி.பி. ரோடுல அளவு சொல்லி வாங்கலாம். புதுப்பேட்டைல பழைய கழுத்தும் மூடியும் கிடைக்கும், ஆனா பழைய ரப்பரை மட்டும் எங்கயும் வாங்காதீங்க.

கொங்கு_மார்க்4

ரொம்ப நன்றி அண்ணே. ரேடியேட்டர் ஹோஸேதான். மூடியில 2 மி.மீ ட்ரில் போட்டா போதும்னு பக்கத்துப் பட்டறைல சொல்றாங்க. போடலாமா?

தகடு_வாத்தியார்

வேண்டாம். காத்து உள்ள வரும், மறுக்கல. ஆனா டேங்க் நிறைய இருக்கும்போது வளைவுல திரும்பினா அதே ஓட்டை வழியா பெட்ரோல் தெறிச்சு பெயிண்டை அரிக்கும். மழைத்தண்ணியும் உள்ள இறங்கும். இ20ல தண்ணி அளவு மீறிச் சேர்ந்தா எத்தனாலும் தண்ணியும் ஒண்ணாச் சேர்ந்து அடியில தனி அடுக்கா உட்கார்ந்துடும், பிக்அப் வாய் இருக்கிறது அங்கதான். துருவும் அங்கதான் ஆரம்பிக்கும். காத்து வழி உள்ள மூடின்னே கேளுங்க. உள்பக்கம் சின்ன ஸ்பிரிங் வால்வோ, நேராப் போகாம வளைஞ்சு போற துளையோ இருக்கும். தீக்குச்சியால அழுத்தினா வால்வு அசையணும். பழைய மூடின்னா அந்த வால்வு துருவுல ஒட்டியிருக்கும், பார்த்து வாங்குங்க.

மூடிதானான்னு உறுதி பண்ண இன்னிக்கே ஒரு வழி: மூடியை விழுந்துடாத அளவுக்குக் கொஞ்சம் தளர்த்தி, கால் டேங்க் பெட்ரோலோட அதே வேகத்துல அதே தூரம் ஓட்டுங்க. இருமல் வரலைன்னா தீர்ந்தது. டேங்க் நிறைய வெச்சு இதைச் செய்யாதீங்க.

யாழ்_மைனர்

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்பதால் சேர்க்கிறேன். எஸ்யூ மின்சாரப் பம்ப் உள்ள வாகனத்தில் சத்தமே நோயைச் சொல்லிவிடும். தாங்கிக்குள் (டேங்க்) வெற்றிடம் ஏறினால் பம்பின் "டிக் டிக்" மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் இழுத்து இழுத்து அடிக்கும். மூடியைத் திறந்தவுடன் படபடவென்று வேகமாக அடித்துப் பிறகு வழமைக்கு வரும். மூடியைத் திறந்த பிறகும் நிற்காமல் வேகமாகவே அடித்தால் அது வேறு: பம்புக்கு முன்னால் உள்ள குழாய் பொருத்தில் காற்று கசிகிறது, அல்லது தாங்கியில் பெற்றோல் இல்லை.

காற்றுக் குழாய் வாகனத்துக்கு அடியில் திறந்திருக்கும் வகையென்றால் முதலில் வாயைப் பாருங்கள். மழைக்காலம் முடிந்து சில மாதம் நிறுத்தி வைத்த வாகனத்தில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். மெல்லிய கம்பியை விட்டால் களிமண் உதிரும். கம்பியால் உள்ளே தள்ள வேண்டாம், ஹோஸைக் கழற்றி வெளிப்பக்கமாகத் தட்டி எடுங்கள். இல்லாவிட்டால் அந்த மண் தாங்கிக்குள் போகும். பிறகு அந்த வாயில் பித்தளை வலை ஒரு துண்டு கட்டி விடுங்கள்.

பீட்டில்70

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நம்மது ஃபோக்ஸ்வாகன் பீட்டில், முன் வலது ஃபெண்டர்ல மூடி இருக்கிற மாடல். புதுக் காத்து ஹோஸ் போட்டும் நாசில் நிக்குது, கூடவே உள்ள பெட்ரோல் வாடை. எங்க பார்க்கிறது?

தகடு_வாத்தியார்

1968ல இருந்து பீட்டில்ல கழுத்து ஃபெண்டர் பக்கம் போயிட்டதால பெரிய ஹோஸும், பக்கத்துல சின்னக் காத்து ஹோஸும் சேர்ந்தே ஓடும். புது ஹோஸைக் கொஞ்சம் நீளமா விட்டிருப்பாங்க, அது நடுவுல தொய்ஞ்சிருக்கும். தொய்வுல பெட்ரோல் தேங்கினா அது தண்ணிப் பூட்டு மாதிரி. 15 செ.மீ தொய்வுன்னா, கழுத்துல அதே 15 செ.மீ பெட்ரோல் ஏறினாத்தான் அந்த ஹோஸ் வழியா முதல் குமிழி காத்தே போகும். டேங்க்ல இருந்து கழுத்து வரைக்கும் ஏறுமுகமாவே இருக்கணும், எங்கயும் இறங்கி ஏறக் கூடாது. மடிப்பு இருக்கான்னும் பாருங்க. ஹோஸ் சுவர் மெல்லிசா இருந்தா சின்ன வளைவுலயே நசுங்கிக்கும்.

வாடைக்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் சின்ன ஹோஸ்களோட முனை வெடிப்பு. டேங்க்கே முன் டிக்கிக்குள்ள இருக்கிறதால ஆவி நேரா உள்ள வரும். முனையில ரெண்டு செ.மீ வெட்டிட்டு மறுபடி மாட்டுறது தற்காலிகம்தான், முழுசா மாத்துங்க.

பழசுவிரும்பி

ஹோஸ் அடைப்பான்னு வீட்டுலயே கண்டுபிடிக்க ஒரு வழி. டேங்க் கால் பாகம் இருக்கும்போது கேன்ல 5 லிட்டர் எடுத்து, பெரிய வாய்ப் புனல் வெச்சு ஊத்துங்க. தடையில்லாம இறங்கினா காத்து ஹோஸ் வேலை செய்யுது, நாசில் வைக்கிற கோணம்தான் தப்பு. "குளுக் குளுக்"னு விக்கி விக்கி இறங்கினா காத்து கழுத்து வழியாவே திரும்பி வருது, ஹோஸ் அடைப்பு. திறந்த வெளியில செய்யணும், போர்ட்டிகோவுக்குள்ள வேண்டாம். பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், தரையோட தவழ்ந்து போகும்.

நாசில் கோணம்தான்னு தெரிஞ்சா, பங்க் தம்பிகிட்ட நாசிலை 3, 4 செ.மீ வெளிய இழுத்து, கைப்பிடியைக் கால் சுத்து பக்கவாட்டுல திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்க. பாதி வண்டிக்கு அதுவே போதும். கைப்பிடியில எதையாவது சொருகி நிறுத்தாம பார்த்துக்கோங்க.

இன்னொண்ணு, எல்லாரும் மறக்கிறது. டேங்க் உள்ள துருவுக்கு எதிரா கோட்டிங் ஊத்தும்போது நிப்பிள் அடைஞ்சுடும். ஊத்துறதுக்கு முன்னாடி நிப்பிள்ல தடிமனான நைலான் தூண்டில் நரம்பை விட்டு வைக்கணும், கோட்டிங் இறுகும்போது அப்பப்ப அசைச்சு, கடைசில உருவிடணும்.

கொங்கு_மார்க்4

ஃப்ளோட் கழட்டி அளந்தாச்சு. வாத்தியார் சொன்ன மாதிரியே குழாய் உள்ள 36 மி.மீ இறங்கியிருக்கு. ஹோஸும் சுருங்கி நடுவுல 40 மி.மீக்குக் கீழ வந்துடுச்சு. இப்ப 12 மி.மீ நிப்பிள் வைக்கணும்னா வெல்டிங்கா? டேங்க்கை இறக்கி ரெண்டு நாள் வெயில்ல வெச்சா போதுமா?

தகடு_வாத்தியார்

கண்டிப்பா போதாது. காலின்னு நினைக்கிற டேங்க்தான் நிறைஞ்ச டேங்க்கை விட ஆபத்து. மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரு கரண்டி பெட்ரோல் சூடானா அந்த ஆவி வெடிக்கப் போதும். வெல்டிங், கேஸ் பிரேசிங் ரெண்டையும் விட்டுடுங்க. சூடே இல்லாம செய்யலாம்.

டேங்க்கைக் கீழ இறக்கி, கைப்பம்புல பெட்ரோலை முழுசா எடுத்துட்டு, டிடர்ஜென்ட் போட்ட தண்ணியில நாலஞ்சு தடவை அலசிக் கவிழ்த்து வடிய விடுங்க. அப்புறம் தண்ணியை விளிம்பு வரைக்கும் நிரப்பி, துளை போடற இடத்துல மட்டும் ஒரு செ.மீ குறைச்சுக்கோங்க. டேங்க் வண்டியில உட்காரும்போது எந்த இடம் உயரமா இருக்குமோ அங்கதான் துளை. ட்ரில் முனையில கிரீஸ் தடவினா துகள் ஒட்டிக்கும். மின்சார ட்ரில் வேண்டாம், கை ட்ரில் போதும், தகடு மெல்லிசுதானே.

இப்ப பித்தளையில 12 மி.மீ உள்விட்டம் உள்ள பல்க்ஹெட் யூனியன், அதாவது தகட்டுத் துளையில நட்டு போட்டு இறுக்குற குழாய் இணைப்பு. தலை உள்ள, நட்டு வெளிய. உள்ளே கை போகாது, அதுக்கு ஒரு தந்திரம். புதுத் துளை வழியா மெல்லிய கம்பியை விட்டு ஃப்ளோட் ஓட்டை வழியா வெளிய எடுங்க. யூனியனை அந்தக் கம்பியில கோத்து, பின்னால கம்பி நுனியை முடிச்சு போட்டு, மேல இருந்து இழுத்தா அது தானா நடந்து வந்து துளையில மூக்கை நீட்டும். கம்பியை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே நட்டை மாட்டணும். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு விட்டான் (பெட்ரோல் தாங்குற ரப்பர்) வாஷர். சாதா ரப்பர் வாஷர் போட்டா மறுபடி முதல்ல இருந்து.

யூனியன் தலை உள்ள 10 மி.மீ அளவு இறங்கட்டும், அது நல்லதுதான். கூரைக்குக் கீழ 4 லிட்டர் காலி இடம் நிக்கும். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்துல ஒரு பங்கு விரியும். பூமிக்குள்ள இருக்கிற பங்க் டேங்க்ல இருந்து 28 டிகிரியில வர்றது வெயில்ல 45க்குப் போனா 50 லிட்டருக்கு 800 மில்லி கூடும். அது போக இடம் வேணும்.

பழைய 6 மி.மீ நிப்பிளை அடைக்காதீங்க. 36 மி.மீ நீளுற உள்குழாயை மட்டும் ஃப்ளோட் ஓட்டை வழியா சின்ன ஹேக்ஸா பிளேடு விட்டு வெட்டிடுங்க. வெட்டின துகளைத் தண்ணியோட கொட்டி, காந்தத்தை உள்ள ஓட்டி எடுத்துடணும். அந்த நிப்பிளையே ஓடும்போது காத்து உள்ள வர்ற வழியா மாத்திடலாம், மூடியை நம்ப வேண்டாம்.

கொங்கு_மார்க்4

அப்ப அந்த 6 மி.மீ ஹோஸ் எங்க போய் முடியணும்? டிக்கிக்குள்ளயேவா?

தகடு_வாத்தியார்

டிக்கிக்குள்ள கூடவே கூடாது. டேங்க்ல இருந்து நேரா மேல ஏத்தி, கழுத்து வாயை விட உயரமா ஒரு வளைவு கொடுங்க. அங்க இருந்து ரப்பர் குரோமெட் (துளை விளிம்பு ஹோஸை வெட்டாம இருக்கப் போடற வளையம்) போட்ட துளை வழியா கீழ இறக்கி, சைலன்ஸர் இல்லாத பக்கத்துல பாடிக்கு அடியில முடியுங்க. முனையை 45 டிகிரி சாய்வா வெட்டி, வெட்டு வாய் பின்பக்கம் பார்க்கணும். முன்பக்கம் பார்த்தா சேறும் தண்ணியும் ஏறும். வளைவு உயரமா இருந்தாத்தான் வண்டி சரிவுல நிக்கும்போது பெட்ரோல் சைஃபன் ஆகி ஒழுகாது. யாழ் நண்பர் சொன்ன பித்தளை வலையை முனையில கட்டிடுங்க. பேப்பர் ஃபில்டர் போட்டா மழைக்காலத்துல நனைஞ்சு ஒட்டிக்கும், திரும்பவும் "புஸ்".

இப்படிச் செய்தா மூடி காத்து வழி இல்லாததா இருக்கலாம், வாங்கினது வீண் போகாது. புது 12 மி.மீ ஹோஸுக்குக் கழுத்துலயும் அதே 12 மி.மீ நிப்பிள் வேணும். டேங்க் பக்கம் பெருசு, கழுத்துப் பக்கம் பழைய 6னா செலவு செஞ்சும் பலன் இல்ல. கழுத்து நிப்பிள் மூடிக்கு எவ்வளவு கிட்ட இருக்கோ அவ்வளவு நல்லது. நாசில் முனை உட்காரும் இடத்துக்குக் கீழ வெச்சா பெட்ரோல் நேரா அதுக்குள்ளயே பாயும்.

மாட்டுறதுக்கு முன்னாடி கசிவு பாருங்க. கம்ப்ரெஸர் காத்து வேண்டாம், தட்டையான தகடு உப்பிடும். எல்லா வாயையும் அடைச்சு, ஒரு நிப்பிள்ல ஊதின பலூனை மாட்டி, சோப்புத் தண்ணி தடவுங்க. பலூன் அழுத்தம் போதும். அரை மணி நேரத்துல பலூன் சுருங்கினா எங்கயோ குமிழி வரும், முதல்ல ஃப்ளோட் கேஸ்கெட் சுத்திப் பாருங்க.